விட்டுவிடுகிறேன் என்றார் கரடியார்

ஒரு காட்டில் ஒரு கரடு, அதாவது சின்னப் பாறைக் குன்று, இருந்தது. அதற்கு மூன்று பக்கம் ஆறு, நான்காவது பக்கம் யாராலும் ஏற முடியாத பாறை. "அந்தப் பக்கம் மட்டும் போய்விடாதே" என்று காட்டிலுள்ள அம்மாக்கள் எல்லாரும் தங்கள் குட்டிகளை எச்சரிக்கும் இடம் அது. அங்கே ஒரு கரடியார் ஆட்சி செய்துவந்தார்.

கரடியாருக்குப் படை கிடையாது. நண்பர்களும் கிடையாது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கதண்டுக் கூடு.

கதண்டு தெரியுமல்லவா? குளவிக்குப் பெரியப்பா. பத்துக் கதண்டு சேர்ந்து கொட்டினால் காட்டெருமையே படுத்துவிடும். கரடியாரின் கூட்டில் எத்தனை பத்து இருந்தது என்று உள்ளே போய் எண்ணிப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை. பானை போன்ற அந்தக் கூடு ஒரு கிளையின் நுனியில் தொங்கியது. கரடியார் கிளையை ஒடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, தினமும் காலையில் கரட்டின் உச்சியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். அக்கரையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டுமே!

அக்கரையில் இருப்பவர்கள் மட்டும் என்ன ஒழுங்கா? அங்கே யானையாரிடம் ஒரு கூடு, புலியாரிடம் ஒரு கூடு. கரடியாருடையதைவிடப் பெரியவை. ஆனால் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பேசினால் யானையாருக்கு முகம் மாறிவிடும்.

"எங்களுடையது பழைய கூடு. பொறுப்பான கூடு. அந்தக் கரடி வைத்திருப்பதுதான் ஆபத்தான கூடு" என்பார்.

பொறுப்பான கதண்டு கொட்டினால் வலிக்காதோ என்னவோ!

அந்தக் கரட்டில் துருவி என்று ஒரு முயல் இருந்தாள். பெயருக்கு ஏற்றபடி எதையும் துருவித் துருவிக் கேட்பாள். வாதம் என்று வந்துவிட்டால் சாப்பாட்டை மறந்துவிடுவாள். இப்போதெல்லாம் மறப்பதற்கும் சாப்பாடு இல்லை, அது வேறு விஷயம்.

ஏன் இல்லை என்கிறீர்களா? கதண்டுகளுக்குப் பசி அதிகம். பொழுது சாய்வதற்குள் கூட்டுக்கு அடியில் பழுத்த பழம் வைத்தாக வேண்டும். ஒருநாள் பழம் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. உடனே ஒரே ஒரு கதண்டு வெளியே வந்து கரடியாரின் மூக்கில் ஒரு போடு போட்டது. மூக்கு விளாம்பழம் போல வீங்கியது. "இது வீரத்தால் விம்மிய மூக்கு என்று எல்லாரும் சொல்ல வேண்டும்" என்று கரடியார் உத்தரவு போட்டார். எல்லாரும் சொன்னார்கள். வேறு என்ன செய்வது?

அன்றிலிருந்து கரட்டில் யாராக இருந்தாலும் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை பழம் பொறுக்க வேண்டும். தனக்கென்று மேயப் போக நேரம் கிடையாது.

அக்கரைப் பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டார்கள். "கரடிக்குப் புத்தி வரட்டும்" என்று ஒரு தடை விதித்தார்கள். கரட்டுக்குள் ஒரு புல்கூடப் போகக் கூடாது, கரட்டிலிருந்து ஒருவரும் ஆற்றைத் தாண்டக் கூடாது. ஆற்றுத்துறையில் யானையாரும் புலியாரும் காவலுக்கு நின்றார்கள்.

துருவி பக்கத்து வளை முள்ளம்பன்றியிடம் கேட்டாள், "ஏன் அக்கா, கரடி புல் தின்னுமா?"

"தின்னாது."

"அப்புறம் புல்லை நிறுத்தினால் யாருக்குப் புத்தி வரும்?"

முள்ளம்பன்றி யோசித்துப் பார்த்தது. "நமக்கு வரும் போலிருக்கிறது" என்றது.

அந்தக் கோடையில் கரட்டின் கடைசிப் புல்லும் காய்ந்தது. துருவிக்கு ஒரே ஒரு குட்டி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, பெயரும் பொட்டு. பொட்டு முதலில் ஓடுவதை நிறுத்தினாள். பிறகு காதைத் தூக்குவதை நிறுத்தினாள். வளை வாசலில் படுத்தபடி அக்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே அருகம்புல் பச்சைப் பசேலென்று காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

"அம்மா, அது நிஜப் புல்லா?"

"நிஜம்தான், கண்ணு."

"அப்படியென்றால் ஏன் அங்கே இருக்கிறது?"

துருவி எழுந்தாள். நேரே கரட்டின் உச்சிக்குப் போனாள்.

"தலைவரே, அந்தக் கூட்டை விட்டுவிடுங்களேன்!"

"விட்டுவிடுகிறேன் என்றுதானே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?" என்றார் கரடியார்.

அதுதான் அங்கே பெரிய வேடிக்கை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கரடியார் கரட்டின் உச்சியில் நின்று, "விட்டுவிடுகிறேன்! விட்டுவிடுகிறேன்!" என்று கத்துவார். யானையார் காதில் அது 'கூட்டைக் கைவிட்டுவிடுகிறேன்' என்று விழும். சந்தோஷத்தில் ஒரு பலாப்பழம் அனுப்பிவைப்பார். புலியார் காதில் அதுவே 'கதண்டுகளை உன்மேல் விட்டுவிடுகிறேன்' என்று விழும். பயத்தில் ஒரு குலை வாழைப்பழம் அனுப்பிவைப்பார். தடைக்கு நடுவிலும் அந்தப் பழங்களுக்கு மட்டும் வழி உண்டு. இரண்டும் நேரே கதண்டுகளுக்குப் போகும். கரடியார் அந்த விடுதலும் விடமாட்டார், இந்த விடுதலும் விடமாட்டார்.

"எந்த 'விட்டுவிடுகிறேன்' என்று தெளிவாகச் சொல்லுங்கள், தலைவரே."

"அடி அசடே, தெளிவாகச் சொன்னால் பழம் வருமா?" கரடியார் குரலைத் தாழ்த்தினார். "இதைக் கேள். அக்கரையில் ஒரு கழுதைப்புலி இருந்தான். அவனிடமும் ஒரு கூடு இருந்தது. விட்டுவிடு, உன்னை நாங்கள் தொடமாட்டோம் என்று இவர்கள்தான் சத்தியம் செய்தார்கள். அவனும் நம்பி ஆற்றில் விட்டான். அடுத்த கோடையில் அவன் குகையில் யார் படுத்திருந்தது தெரியுமா? புலியாரின் மருமகன்! நான் விட்டால் எனக்கும் அதே கதிதான்."

துருவிக்கு இது பொய் என்று தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி, நியாயம். கழுதைப்புலி விட்டான், அவன் செத்தான். நீங்கள் விடவில்லை, நாங்கள் செத்துக்கொண்டிருக்கிறோம். கூடு யாரைக் காப்பாற்றுகிறது, தலைவரே?"

"கரட்டைக் காப்பாற்றுகிறது."

"கரடு பாறை. அதை யார் தின்னப் போகிறார்கள்?"

கரடியார் வீங்கிய மூக்கைத் தடவிக்கொண்டார். "வாய் நீளுகிறது உனக்கு. போ, நீயே தூது போ. முதலில் அவர்கள் விடட்டும், பிறகு நான் விடுகிறேன் என்று சொல்!"

தூது என்றால் தடை இல்லை. துருவி ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போனாள். யானையார் தும்பிக்கையில் தன் கூட்டைத் தொங்கவிட்டபடி நின்றார். பக்கத்தில் புலியார் தன் கூட்டின் கிளையை வாயில் கவ்வியிருந்தார். பேசும்போதுகூடக் கீழே வைக்கமாட்டார். அவ்வளவு நம்பிக்கை, யானையார்மேல்!

துருவி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். புலியார் பற்களுக்கு நடுவிலிருந்து, "மொதல்ல அவன் விதத்தும்" என்றார்.

"என்ன சொல்கிறார்?"

"முதலில் அவன் விடட்டும் என்கிறார். நானும் அதையேதான் சொல்கிறேன்" என்றார் யானையார்.

"அட, கரடியாரும் அதையேதான் சொல்கிறார்! மூவருக்கும் ஒரே கருத்து. பிறகு எதற்குச் சண்டை?"

யானையார் காதை ஆட்டினார். கேலியா, நிஜமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"ஐயா, மூவரும் ஒரே நேரத்தில் விட்டால் முதலில் யார் என்ற பேச்சே இல்லையே. நாளைச் சாயங்காலம் ஆற்றின் நடுவிலுள்ள மணல்திட்டுக்கு வாருங்கள். நான் ஒன்று, இரண்டு, மூன்று சொல்கிறேன். மூன்று என்றதும் மூன்று கூடும் ஆற்றோடு போகட்டும்."

"இதையெல்லாம் ஆற அமர ஆராய வேண்டும், அம்மா. ஒரு குழு போட வேண்டும்."

"தாராளமாகப் போடுங்கள். வராதவருக்கு மற்ற இருவரையும் கண்டால் உதறல் என்று மைனாக்கள் காடு முழுவதும் சொல்லும், அவ்வளவுதானே?"

குழு போடவில்லை. வருவதாக ஒப்புக்கொண்டார்கள். மைனாக்கள் கரட்டின் உச்சிவரை பறக்கும் என்று கேட்டதும் கரடியாரும் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் துருவி கரட்டிலுள்ள எல்லாரையும் ஆற்றோரம் வரச் சொன்னாள்.

"அவர்கள் விட்டுவிட்டால் சந்தோஷமாகக் கைதட்டுங்கள். விடாவிட்டால் நடங்கள்."

"எங்கே?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"புல்லுக்கு."

"ஐயோ, காவல்?"

"காவல்காரர்கள் இருவரும் திட்டில்தானே நிற்பார்கள், அக்கா? கையும் வாயும் நிறைய!"

சாயங்காலம் ஆயிற்று. மணல்திட்டில் கரடியார் இரண்டு கைகளாலும் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே யானையாரும் புலியாரும். இப்படி ஒரு வேடிக்கை திரும்பக் கிடைக்குமா? அக்கரையில் யானையார், புலியார் கூடுகளுக்குப் பழம் பொறுக்க வேண்டியவர்களும் அன்று வேலையை விட்டு ஓடி வந்திருந்தார்கள். பொட்டு, இக்கரையில் நின்ற அம்மாவின் முதுகில் சுருண்டு கிடந்தாள். அவளுக்கு உட்காரக்கூடத் தெம்பில்லை.

"ஒன்று" என்றாள் துருவி.

யானையார் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கண்ணை மட்டும்.

"இரண்டு."

கரடியாரின் மூக்கு துடித்தது. துருவி மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்: 'இவர்கள் விடமாட்டார்கள் என்று நான் நினைப்பது தப்பாகப் போகட்டும்.' வாதத்தில் தோற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

"மூன்று! விடுங்கள்!"

ஆறு சலசலவென்று ஓடியது. அதில் எதுவும் விழவில்லை.

"ஏன் நீ விடவில்லை?" என்றார் யானையார்.

"விடத்தான் போனேன். நீ விடுகிறாயா என்று பார்த்தேன்" என்றார் கரடியார்.

"நானும் அதைத்தான் பார்த்தேன்!"

"ஆனும் அதான்" என்றார் புலியார்.

இனி யாரால் திரும்பிப் போக முடியும்? முதுகைக் காட்டினால் மற்றவர் கூட்டை எறிந்துவிட்டால்? மூவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு, நட்ட கம்பம் போல நின்றார்கள்.

துருவி பெருமூச்சு விட்டாள். பொட்டை முதுகில் சரியாக ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கோடை ஆறு, வயிறளவுதான் நனைந்தது. அவளுக்குப் பின்னால் முள்ளம்பன்றி, கீரி, அணில்கள், ஆமை என்று கரடே இறங்கியது.

புலியாரின் மூக்குக்கு நேர்கீழேதான் வழி. இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நிதானமாக ஒரு முயல் தன்னைத் தாண்டிப் போவதை அவர் பார்த்ததே இல்லை. வாயில் கிளை. உமிழ்நீர் மட்டும் ஒழுகியது.

"தடை இருக்கிறது! புல்லைத் தொடக் கூடாது!" என்று பிளிறினார் யானையார்.

"தடுங்களேன், ஐயா" என்றாள் துருவி.

எதைக்கொண்டு தடுப்பார்? தும்பிக்கையில் பொறுப்பான கூடு.

அப்போதுதான் கரடியார் திரும்பிப் பார்த்தார். "ஏய் துருவி! எல்லாருமாக எங்கே கிளம்பிவிட்டீர்கள்?"

"விட்டுவிட்டோம், தலைவரே!"

"எதை?"

"கரட்டை. உங்களையும்தான்."

"துரோகிகளா! அப்புறம் பழம் யார் பொறுக்குவது?"

கரடியார் தன் ஆட்சியில் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். பதில் சொல்ல யாரும் நிற்கவில்லை.

அக்கரையில் பொட்டு முதுகிலிருந்து சரிந்து புல்லிலேயே விழுந்தாள். ஒரு வாய் கடித்தாள். மென்றாள். ஒரு காது மெல்ல நிமிர்ந்தது.

"நிஜப் புல்தான், அம்மா" என்றாள்.

சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. மூன்று கூட்டுக்கு அடியிலும் பழம் இல்லை. முதலில் கரடியாரின் கைகளுக்கு மேலே 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. பிறகு புலியாரின் பற்களுக்கு அருகில். பிறகு தும்பிக்கையின் நுனியில்.

ஆறு இன்னும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

"நீ விடு" என்றார் யானையார்.

"முதலில் நீ விடு" என்றார் கரடியார்.

"மொதல்ல ரெந்து பேரும் விதுங்க" என்றார் புலியார்.

கதண்டுகள் மூன்று எண்ணவில்லை. யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் கூட்டை விட்டவை அவைதான்.

நீதி: பிறர் பயப்படட்டும் என்று எதை வளர்த்தாலும், அதற்குப் பசிக்கும்போது வளர்த்தவர்தான் அதன் கையெட்டும் தூரத்தில் இருப்பார்.