கார்டு ஐயாவின் ஒரே கத்தி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே குலோத்துங்கன் கொண்டலாம்பட்டிப் பட்டறைக்கு வந்துவிட்டார். ஆனால் உள்ளே போகவில்லை. துணியில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியிலேயே நின்றார்.

"வாங்க டாக்டர். என்ன, பல்லு பிடுங்க வந்தவங்க மாதிரி வெளியிலயே நிக்கிறீங்க?" என்றாள் தெய்வானை.

அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. சேலத்தில் பல் மருத்துவர். அவளுக்கு நாற்பது. கத்தி செய்கிறவள். ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் அவளிடம் வேலை கற்றுக்கொள்கிறார். முதல் நாள் அவர் "ஆசான்" என்று கூப்பிட்டபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பழகிவிட்டது.

"தப்பு பண்ணிட்டேன், ஆசான்."

பொட்டலத்தை மரத்தடியில் இருந்த, இரும்பு அடிக்கும் பட்டடை மேல் வைத்தார். ஆசைக்குக் கத்தி சேகரித்து வைக்கிறவர்கள் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் சண்டை வருமாம்.

தெய்வானை துணியைப் பிரித்தாள். ஒரு சாண் நீளக் கத்தி. அலகு கண்ணாடி போல மின்னியது. அவள் அலகைப் பார்க்கவில்லை. புளியமரக் கைப்பிடியை, அதில் கொஞ்சம் கோணலாக இறங்கியிருந்த ஆணியைப் பார்த்தாள்.

"கார்டு ஐயா கத்தி."

"ஆமா."

"கறை எங்கே?"

குலோத்துங்கன் தலை குனிந்துகொண்டார்.

கார்டு ஐயா என்றால் ஸ்டீபன் வேதமாணிக்கம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்தில் கத்தி சேர்க்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, மே மாதத்து இரண்டாம் ஞாயிறு, சூரமங்கலத்தில் ஒரு மெஸ்ஸின் மாடியில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் வெல்வெட் பெட்டியும் கண்ணாடிப் பெட்டியுமாகக் கொண்டுவந்து மேஜையில் அடுக்குவார்கள். நூறு கத்தி வைத்திருப்பவர் உண்டு, முந்நூறு வைத்திருப்பவர் உண்டு. கார்டு ஐயாவிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் மஞ்சள் பையில் போட்டு, ஒரு கூடை மாம்பழத்தோடு எடுத்துவருவார்.

மற்றவர்கள் அலகில் விரல் படாமல் பார்த்துக்கொள்வார்கள். அவர் பழம் அறுப்பார். வாசலில் புதிதாக யாராவது தயங்கி நின்றால் அவரே எழுந்து போவார். "புளிப்பா, இனிப்பா?" என்று ஒரே கேள்வி. பெயர்கூட அப்புறம்தான். பழத்துண்டை மட்டும் வந்தவர் கையிலேயே கொடுப்பார். கொட்டை கடைசியில் அவருக்கு.

கத்தி லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது. பழச்சாறு பட்டால் கறுக்கும். இருபது வருஷத்தில் அந்த அலகு நீலமும் சாம்பலும் கருப்புமாக மழைமேகம் போல ஆகியிருந்தது.

தை மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி ரெஜினா அம்மாள் கத்தியைக் குலோத்துங்கனிடம் கொடுத்து, "கூட்டத்துல அவர் எடத்துல வைங்க, டாக்டர்," என்றார். இன்று அந்தக் கூட்டம்.

"நேத்து சாயங்காலம் கிளினிக்ல உக்காந்தேன்," என்றார் குலோத்துங்கன். "எல்லாரும் பார்க்கப்போறாங்க, சுத்தமா இருக்கட்டும்னு நினைச்சேன். கொஞ்சம் தேய்ச்சேன். நல்லா வந்துச்சு. இன்னும் கொஞ்சம் தேய்ச்சேன்."

"பல்லு தேய்க்கிற பசையாலயா?"

"அதேதான். அலகுல என் மூஞ்சி தெரிஞ்சப்பதான் என்ன பண்ணிட்டேன்னு புரிஞ்சுது."

தெய்வானை கத்தியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"நான் செஞ்ச முதல் கத்தி. அப்ப எனக்கு இருபது வயசு. ஆணி கோணல்னு அத்தனை பேரும் கீழ வச்சிட்டுப் போனாங்க. இவர் மட்டும் எடுத்தார். எடுத்த அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு," என்றாள். "மறந்தே போச்சு."

அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆசான், பழசு மாதிரி வேணும்னு கேக்கிறவங்களுக்கு நீங்க வினிகர்ல கறை ஏத்தித் தர்றீங்களே. இதுக்கும் ஏத்திடலாமா? பதினொரு மணிக்குத்தானே கூட்டம். யாருக்கும் தெரியாது."

"ஏத்தலாமே."

அவள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் வினிகரும் ஒரு சின்னத் தூரிகையும் கொண்டுவந்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்கெங்க இருந்துச்சு, சொல்லுங்க. அப்படியே போட்டுடறேன்."

"நுனியில நீலம். மயில் கழுத்து மாதிரி."

"எப்ப வந்தது?"

"தெரியல. நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

"அப்புறம்?"

"கைப்பிடி பக்கம் கருப்பா மூணு கோடு. நடுவுல ஒரு வட்டம், ஒரு பக்கம் திறந்த மாதிரி." அவர் நிறுத்தினார். "அந்த வட்டம் எனக்குத் தெரியும்."

தூரிகை வினிகரில் நனைந்து காத்திருந்தது.

"நான் முதல்ல வந்த வருஷம். அப்பா இறந்து நாப்பது நாள். வீட்டுல இருக்க முடியல. கீழே சாப்பிடத்தான் வந்தேன். மேல சத்தம் கேட்டு ஏறினேன். ஒரு கத்திகூட இல்லாம வாசல்ல நின்னேன். 'புளிப்பா, இனிப்பா?'ன்னு கேட்டார். புளிப்புன்னேன். ஒரு காயை அறுத்தார். துடைக்க மறந்துட்டு ஒரு மணி நேரம் பேசிக்கிட்டே இருந்தார். நான் எங்கப்பாவைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்ப ஒட்டிக்கிட்டது அது."

"சரி," என்றாள் தெய்வானை. தூரிகையை அலகின் நடுவே கொண்டுபோனாள். "இங்கதானே? வரையட்டுமா?"

அவர் அந்தத் தூரிகையின் நுனியையே பார்த்தார். ஒரு சொட்டு தொங்கியது.

"வேண்டாம்."

அவள் தூரிகையைக் கிண்ணத்தில் போட்டாள்.

"அப்ப அந்தக் கூடையைத் தூக்குங்க, டாக்டர். கனமா இருக்கும், குனிஞ்சு தூக்காதீங்க."

பட்டறை மூலையில் ஒரு கூடை நிறைய மாம்பழம் இருந்தது.

பதினொரு மணிக்கு மெஸ் மாடியில் கூட்டம் சேர்ந்திருந்தது. மேஜையின் நடுவில் கார்டு ஐயாவின் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். ரெஜினா அம்மாள் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குலோத்துங்கன் கத்தியை அங்கே வைத்தார்.

ரெஜினா அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது அவரோடதா?"

"அவரோடதுதான்மா. நான்தான் தேய்ச்சுட்டேன். அழகா இருக்கட்டும்னு. கறை எல்லாம் போயிடுச்சு."

ரெஜினா அம்மாள் அலகின் மேல் விரலை ஓட்டினார். அங்கிருந்த யாரும் அலகைத் தொடமாட்டார்கள். அவரை யாரும் தடுக்கவில்லை.

"இருபது வருஷமா நானும் தேய்ங்க தேய்ங்கன்னு கரடியா கத்தினேன். ஒரு நாள் கேட்டிருப்பாரா மனுஷன்?" என்றார்.

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டு, உடனே அடக்கிக்கொண்டார்கள். ரெஜினா அம்மாளும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு, டாக்டர். ஆனா வேற யாரோடதோ மாதிரி இருக்கு."

தெய்வானை கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் குலோத்துங்கன் முன்னால் உருட்டிவிட்டாள்.

"இதுலயா?" என்றார் அவர்.

"வேற கத்தி கொண்டாந்திருக்கீங்களா?"

அவர் அறுத்தார். முதல் துண்டை ரெஜினா அம்மாள் கையில் கொடுத்தார். அடுத்ததை முந்நூறு கத்தி வைத்திருப்பவரிடம் நீட்டினார். அவர் வெள்ளைக் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார். அறுத்து முடித்ததும் குலோத்துங்கனின் கை தானாகத் துடைக்கும் துணிக்குப் போனது. தெய்வானை துணியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் மகனுக்குப் பெண் கிடைக்காத கவலையைக் கார்டு ஐயாவிடம்தான் சொன்னாராம். இன்னொருவர், கார்டு ஐயா ஒருமுறை தன்னுடைய விலை உயர்ந்த கத்தியைக் கேட்டு வாங்கி வெங்காயம் நறுக்கிவிட்டதைச் சொன்னார். "ஒரு மாசம் அவரோட பேசல. அப்புறம் பாத்தா, என்கிட்ட இருக்கிறதுலயே அது ஒண்ணுலதான் ஒரு கதை இருக்கு." மேஜையெல்லாம் சாறு. வெல்வெட் பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவைத்தார்கள்.

பத்துப் பன்னிரண்டு பழம் போயிருக்கும். கடைசிக் கொட்டையைச் சப்பிக்கொண்டே குலோத்துங்கன் கத்தியைப் பார்த்தார். அவர் முகம் தெரிந்த இடத்தில் ஒரு மங்கல். நடுவில், நகம் அளவுக்கு, லேசான சாம்பல் நிறம். முன்பிருந்த வட்டம் இல்லை அது. எந்த உருவமும் இல்லை.

கத்தியைத் தெய்வானை பக்கம் மேஜையில் வைத்தார்.

"ஆசான், இது பழையபடி ஆக எத்தனை வருஷம் ஆகும்?"

அவள் கத்தியை எடுக்கவில்லை. மாடிப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பெண் தோள்பையை இறுக்கிப் பிடித்தபடி, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றிருந்தாள்.

"வாசல்ல ஆள் நிக்குது, டாக்டர்," என்றாள் தெய்வானை. "புளிப்பா இனிப்பான்னு கேட்டுட்டு வாங்க."