மெலிந்த கடல்சிறுத்தை

எதிரி மெலிந்தான், பனித்தீவே சிரித்தது. தப்பு அங்கேதான் ஆரம்பம்.

தென்கோடிக் கடலில் ஒரு பனித்தீவு. தீவு முழுக்கப் பென்குயின்கள். கரையோரம் புள்ளியான் என்ற கடல்சிறுத்தை. பெயர்தான் சிறுத்தை, ஆள் சீல் எனும் கடல்நாய் இனம். கூனி இறாலும் தின்பான், பென்குயினும் தின்பான்.

அந்தக் கோடையில் அவன் விலா எலும்பு வெளியே தெரிந்தது.

"பார்த்தீங்களா, நம்மளைத் தின்னவன் கதியை!" என்று குதித்தன பென்குயின்கள்.

கூர்மூக்கன் மட்டும் குதிக்கவில்லை. கரைக்காவல் அவன் பொறுப்பு. அவன் தகப்பனைத் தின்றவனே இந்தப் புள்ளியான்தான்.

"நடிக்கிறான்! ஒட்டின வயித்தைக் காட்டி நம்மளைக் கிட்டே இழுக்கப் பார்க்கிறான். ஒருத்தரும் போகாதீங்க!"

ஒருவரும் போகவில்லை. ஆனால் பென்குயின்களுக்கும் இரையான கூனி கரையோரக் கடலில் அருகிக்கொண்டே வந்தது. கூர்மூக்கனின் குஞ்சு கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

அவன் மனைவி செல்லி கேட்டாள். "ஏன்யா, அவனும் பட்டினி, நாமளும் பட்டினி. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணா இருக்காதா?"

"அவனுக்கும் நமக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஒரே கடல்லதானேய்யா திங்கிறோம்!"

"போடி! வாயை மூடு."

ஒருநாள் புள்ளியானைக் காணோம். சில நாள் கழித்து வந்தான். வயிறு கொஞ்சம் நிரம்பியிருந்தது. பனிமேல் ஏறிப் படுத்தான்.

"ஏய் காவல்காரா! இந்தப் பக்கம் தண்ணி சூடாயிருச்சு. பனி முன்னமே உடைஞ்சு போச்சு. பனிக்கு அடியில பாசி இருந்தாத்தானே கூனி வளரும்? தெற்கு முனைக்கு அந்தாண்ட பனி இன்னும் நிக்குது. கூனி கொட்டிக் கிடக்கு. போய்த் தின்னுங்க."

"எங்க மேல உனக்கென்ன திடீர்க் கரிசனம்?"

"கரிசனமா? நீங்க எல்லாம் செத்துட்டா அடுத்த வருஷம் நான் எதைத் திங்கிறது?"

"கேட்டீங்களா! அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்!" என்று கத்தினான் கூர்மூக்கன். "முனையில இவன் கூட்டாளி காத்துக்கிட்டு இருப்பான்!"

கூட்டம் தலையாட்டியது. செல்லி ஆட்டவில்லை. புள்ளியான் குறட்டை விடும்வரை பொறுத்திருந்தாள். பிறகு அவன் வால்பக்கமாக மெல்ல நடந்தாள்.

"அடியே, சாகப் போறியா?"

அவள் காதில் வாங்கவில்லை. அவன் கழிந்து வைத்திருந்ததைக் குனிந்து பார்த்தாள். வெள்ளைப் பனியில் கூனியின் நிறத்திலேயே செக்கச்செவேல் என்று இருந்தது. அலகால் கிளறினாள். ஓர் இறகுகூட இல்லை.

திரும்பி வந்தாள். "கூனிதான் தின்னிருக்கான். நம்ம இனத்துல ஒண்ணையும் தொடல. வாய் பொய் சொல்லும்யா, கழிஞ்சது சொல்லாது."

"அதுக்காக அவனை நம்புறதா?"

"யாரு நம்பச் சொன்னா? நானும்தான் நம்பல. அதான் அவன் தூங்குறப்பவே போறேன். இங்கே குறட்டை விடுறவன் அங்கே வந்து எப்படிக் கடிப்பான்?"

"கூட்டாளி இருந்தா?"

"அவன் யாருக்காவது பங்கு குடுத்து நீ பார்த்திருக்கியா?"

கூர்மூக்கன் திரும்பினான். குஞ்சைப் பார்த்தான். அது வாயைத் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

"நீ இங்கேயே காவல் இரு. அவன் கண்ணைத் திறந்தா ஊரே கேக்கிற மாதிரி கத்து!" என்று சொல்லிக் கடலில் குதித்தாள் செல்லி.

கூட்டம் தண்ணீரையே முறைத்துக்கொண்டு நின்றது. "போனவ போனவதான்" என்றது ஒன்று. "அவ குஞ்சை யாரு வளர்க்கிறது?" என்றது இன்னொன்று.

பொழுது சாயும் நேரத்தில் செல்லி கரையேறினாள். நடக்கத் திணறும் அளவுக்கு வயிறு கனத்திருந்தது. நேரே குஞ்சிடம் போனாள். அலகைத் திறந்தாள். செக்கச்செவேலென்று கூனி! குஞ்சு முழுங்கியது. மறுபடி வாயைத் திறந்தது. இந்தத் தடவை சத்தமும் வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்று முட்டி மோதிக்கொண்டு கடலில் விழுந்தது கூட்டம். தலையாட்டிய அதே கூட்டம்தான்.

கூர்மூக்கன் நகரவில்லை. புள்ளியான் ஒரு கண்ணைத் திறந்தான். "எல்லாரும் போயாச்சா?"

"நீ தூங்குடா!" என்று தீவே அதிரக் கத்தினான் கூர்மூக்கன்.

எதிரியின் ஒட்டிய வயிறும் கடல் சொல்லும் சேதிதான்; அதைக் கண்டு சிரிக்காதே, சந்தேகப்பட்டே உட்கார்ந்தும் இருக்காதே, எழுந்து போய்ப் பார்: அந்தத் தீவில் அப்படிப் போய்ப் பார்த்தவள் செல்லி.