ஆட்டுக்குட்டிக்கு வாசித்தவள்

நஞ்சப்பனுக்கு வயது நாற்பத்தெட்டு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட கோகிலவாணிக்கு முப்பத்தொன்று.

நஞ்சப்பன் நடுநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டு தமிழ் நடத்தியவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் புணர்ச்சி விதி சொல்வார். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துபோனதால், உபரி ஆசிரியர் என்று அவரைப் புளியங்காட்டுவலசு தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. பதினேழு பிள்ளைகள்.

காலாண்டுத் தேர்வு முடிந்தபோது பதினேழு பேரில் பதினொரு பேருக்கு ஒரு வரியை முழுதாக வாசிக்க வரவில்லை.

அவர் முறை எளிமையானது. பிள்ளை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். தப்பினால் அப்படியே நிற்க வேண்டும். மணி அடிக்கும்போது உட்கார்ந்திருப்பவர்களைவிட நிற்பவர்கள்தான் அதிகம். மோனிஷா என்ற சிறுமிக்கு வாசிப்பு நேரம் வந்தாலே வயிறு வலிக்கும். கணக்கு நேரத்தில் வலிக்காது.

அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் கோகிலவாணியின் ஒன்றாம் வகுப்பு. அங்கே எப்போதும் கூச்சல். முதலில் நஞ்சப்பனுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டார். பிள்ளைகள் எதையோ வாசிக்கிறார்கள், வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள்.

போய்க் கேட்கலாம் என்று நினைத்தார். மூன்று நாள் அவருடைய படிப்பே அவரைத் தடுத்தது. அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம், பள்ளி விட்டதும், கோகிலவாணியின் வகுப்பு வாசலில் போய் நின்றார்.

“டீச்சர், நான் உங்ககிட்டக் கத்துக்கணும்.”

உங்களுக்கு நானா சொல்லித் தருவது என்று கோகிலவாணி மரியாதைக்குக்கூடச் சொல்லவில்லை.

“என்ன கத்துக்கணுமுங்க சார்?”

“பிள்ளைங்களை வாசிக்க வைக்கிறது எப்படின்னு.”

கோகிலவாணி அவர் போட்டிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

“இந்தக் கண்ணாடி இல்லாம உங்களுக்குப் படிக்க வருமுங்களா?”

“வராதுங்க. தூரத்துல எல்லாம் தெரியும். கிட்டத்துல எழுத்து எறும்பு மாதிரி ஓடும்.”

கோகிலவாணி கையை நீட்டினார்.

“குடுங்க. வெள்ளிக்கிழமை தர்றேன்.”

மறுநாள் காலை நஞ்சப்பன் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். எறும்புகள் ஓடின.

“யாராவது வந்து இதைப் படிங்க.”

ஒருவரும் அசையவில்லை. சார் சோதிக்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை.

“உங்களுக்குத் தெரியாதா சார்?” என்று முன்வரிசை சபரீஷ் கேட்டான்.

“கண்ணாடி இல்லை. தெரியலை.”

வாத்தியாருக்கு ஒன்று தெரியவில்லை என்பதை அவர்கள் முதல்முறையாகக் கேட்கிறார்கள். சபரீஷ் மெல்ல எழுந்து வந்து, முதல் பெயரில் விரல் வைத்தான்.

“அ... அபி... டேய் அபினேஷ், உம்பேருடா!”

அபினேஷ் ஓடிவந்து தன் பெயரைப் பார்த்தான். அதற்குக் கீழே இருந்ததை அவனே கூட்டினான். “எம்பேரு எங்கடா?” என்று இன்னொருத்தி வந்தாள். ஐந்து நிமிடத்தில் பதிவேட்டின் மேல் பதினாறு தலைகள். ஒரு வரி வாசிக்கத் தெரியாதவர்களும் கூட்டாளிகளின் பெயரைத் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மோனிஷா மட்டும் இடத்தை விட்டு எழவில்லை.

பதினொரு மணிக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பொடிசுகள் வந்து ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தன. “சாருக்கு லெட்டர்!”

“என்ன எழுதியிருக்குன்னு பாருங்கடா.”

கூடி நின்று எழுத்துக் கூட்டினார்கள். ‘உங்கள் டீ’ என்று வந்தது. ‘மரத்தடியில்’ என்று வந்ததுமே எல்லாரும் வெளியே பாய்ந்தார்கள். புளியமரத்தடியில் ஒன்றும் இல்லை. தொங்கிய முகத்தோடு திரும்பி வந்து சீட்டை மறுபடி பார்த்தார்கள். மரத்துக்கு முன்னால் ஒரு சொல் இருந்தது. அவசரத்தில் தாண்டியிருந்தார்கள்.

“வே... வேப்... வேப்ப! சார், வேப்ப மரம்!”

வேப்பமரத்தடிக் கல்லின் மேல் டம்ளர் இருந்தது. டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. நஞ்சப்பன் அதைக் குடித்தார். குடித்து முடிக்கும்வரை அத்தனை பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அவர் கோகிலவாணியிடம் போனார்.

“விளையாட்டு சரி டீச்சர். பாடம் எப்ப நடத்துறது?”

“டீ கிடைச்சுதுங்களா?”

“கிடைச்சுது. ஆறிப் போயிருந்துது.”

“சீக்கிரமே சூடாக் கிடைக்கும்” என்றார் கோகிலவாணி.

புதன்கிழமை டம்ளர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. டீ வெதுவெதுப்பு. வியாழக்கிழமை சத்துணவுக் கூடத்து ஜன்னலில் இருந்தது. நஞ்சப்பன் நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கண்ணாடி திரும்பி வந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வகுப்பில் அதை எடுக்கவே இல்லை. பையில் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவரே யோசிக்க ஆரம்பித்தார். பாடத்தை வேண்டுமென்றே தப்பாக வாசிப்பார். ‘கோழி முட்டை இட்டது’ என்று இருந்தால், ‘கோழி மூட்டை கட்டியது’ என்பார். வகுப்பு எகிறும். “இல்ல சார்! நல்லாப் பாருங்க சார்!” எங்கே இருக்கிறது என்று காட்டு என்பார். காட்டுவதற்கு வாசிக்க வேண்டும்.

ஒரு நாள், “வீட்டுல எங்கெல்லாம் எழுத்து இருக்குன்னு தேடுங்க. ஒண்ணை வாசிச்சுட்டு வந்து சொல்லுங்க” என்றார். சோப்பு உறை, தீப்பெட்டி, காலண்டர் தாள், மினி பஸ்ஸின் பெயர் என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். அபினேஷ் மாட்டுத்தீவன மூட்டையை வாசித்திருந்தான். ‘ஈரம் படாத இடத்தில் வைக்கவும்’ என்று அதில் போட்டிருந்ததாம். அவன் வாசித்துக் காட்டியதும் அவன் அப்பா மூட்டையைத் தூக்கித் தாழ்வாரத்துக்குள் வைத்தாராம். வகுப்பில் அதைச் சொல்லும்போது அபினேஷ் இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தான்.

மோனிஷா ஒன்றும் கொண்டுவரவில்லை.

“பதினாறு பேரு வந்துட்டாங்க டீச்சர். ஒருத்தி மட்டும் வரலை” என்றார் நஞ்சப்பன்.

“அவளைக் கேட்டீங்களா?”

“என்னன்னு கேக்குறது?”

“யாருக்கு வாசிச்சுக் காட்டப் பிடிக்கும்னு.”

இருபத்திரண்டு ஆண்டில் அவர் கேட்காத கேள்வி அது. மறுநாள் கேட்டார். மோனிஷா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எங்க ஆட்டுக்குட்டிக்கு.”

“ஏன் சாமி, ஆட்டுக்குட்டிக்கு?”

“அது என்னைய நிக்க வைக்காது சார்.”

நஞ்சப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

“எடுத்துட்டுப் போ. தினம் அதுக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டு. எப்ப வேணுமோ அப்பத் திருப்பிக் குடு.”

நாலாம் நாள் காலையில் அவள் கிழிந்த புத்தகத்தோடு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“சார், ஒரு பக்கத்தைத் தின்னுடுச்சு.”

அரசாங்கத்துப் புத்தகம். நஞ்சப்பன் வாயைத் திறந்தார். பழைய சொற்கள் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிக்கொண்டார்.

“அந்தப் பக்கத்துல என்ன இருந்துது?”

மோனிஷா மூக்கை உறிஞ்சினாள். “அணிலும் ஓணானும் போட்டி போட்டுச்சு. யாரு முதல்ல மரம் ஏறுறதுன்னு. அணிலு மேல போயி பழத்தத் தின்னுடுச்சு. ஓணான் கீழயே நின்னு தலையத் தலைய ஆட்டுச்சு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“படிச்சேனே சார். அதுக்கு அந்தப் பக்கம்தான் பிடிச்சுது. மூணு தடவ படிச்சுக் காட்டுனேன்.”

“அடுத்த பக்கத்துல என்ன ஆச்சு?”

அவள் புத்தகத்தை விரித்தாள். நஞ்சப்பன் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் எழுத்துக் கூட்டினாள், நின்றாள், திரும்பப் போனாள், ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று சொன்னாள். அவர் திருத்தவில்லை. வாசிப்பு நேரம் முடிந்து மணி அடித்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்ளவே இல்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, மோனிஷாவோடு அவள் அம்மா ருக்குமணியும் வந்தார். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார். கையில் மகளின் வீட்டுப்பாட நோட்டு.

“சார், லீவு பூரா இவ தொல்லை தாங்கலைங்க. மல்லித்தூள் பாக்கெட்டுல இருந்து கரண்டு கார்டு வரைக்கும் எல்லாத்தையும் எனக்குப் படிச்சுக் காட்டுறா. நான் மூணாவதோட நின்னவ. எழுத்தெல்லாம் மறந்து போச்சு. கேக்க நல்லாத்தான் இருந்துது.” ருக்குமணி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். “நேத்து இதைப் படிச்சா. தப்பாப் படிக்கிறாளோன்னு எனக்குச் சந்தேகமுங்க. உங்களைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

நஞ்சப்பன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். அவருடைய கையெழுத்து. ஆகஸ்டு மாதத் தேதி. எழுதியதே அவருக்கு மறந்திருந்தது. அடியில் கோணலாக ஒரு கையெழுத்து, ‘ருக்குமணி’ என்று. பெற்றோர் கையொப்பம் வாங்கி வரச் சொல்லியிருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அந்த அம்மா போட்டுக் கொடுத்திருக்கிறார்.

“படி சாமி” என்றார் ருக்குமணி.

மோனிஷா நோட்டை வாங்கி, விரல் வைத்து வாசித்தாள்.

“தங்கள் மகள் மோனிஷாவுக்கு வாசிப்புத் திறன் அமையவில்லை, இனியும் அமையும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, ஆகவே தாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்வது நலம்.”

ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. ‘வாசிப்புத் திறன்’ என்பதில் வருகிற ஒற்றைக்கூட விடாமல் அழுத்திச் சொன்னாள்.

“சரியாப் படிச்சனா சார்?”

நஞ்சப்பன் தலையாட்டினார்.

“சரியாத்தான் படிச்சே. எழுதுனவன்தான் தப்பா எழுதிட்டான்.”

ருக்குமணி மகளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நஞ்சப்பன் பேனாவை எடுத்தார்.

“அம்மா, என்னை மன்னிச்சுக்குங்க. இப்பவே அடிச்சுடறேன்.”

மோனிஷா நோட்டைப் பட்டென்று மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் சார்! நான் படிச்சதுலயே இதுதான் பெரிய வரி.”

ருக்குமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “விடுங்க சார். அவதான் படிச்சுட்டாளே” என்று சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

அன்று நஞ்சப்பன் மணி அடிக்கும்வரை காத்திருக்கவில்லை. பிள்ளைகளிடம் புத்தகங்களைக் கொடுத்துவிட்டு அரைச்சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். கோகிலவாணி தரையில் உட்கார்ந்து, அட்டைகளில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஒன்றாம் வகுப்பு குப்புறப் படுத்துக்கொண்டு, அவர் எழுத எழுத வாசித்துக்கொண்டிருந்தது.

நஞ்சப்பன் நடந்ததை முழுக்கச் சொன்னார். தான் எழுதிய வரியை அட்சரம் பிசகாமல் சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

“நோட்டை என்கிட்டக் குடுக்கவே மாட்டேங்கிறா டீச்சர். அந்த வரியை அழிக்கவும் விடமாட்டேங்கிறா. நான் என்ன செய்யட்டும்?”

கோகிலவாணி மார்க்கர் பேனாவை மூடி அவரிடம் நீட்டினார்.

“அதைவிடப் பெரிய வரியா ஒண்ணு எழுதிக் குடுங்க சார். அவ படிச்சுக்குவா.”