கண்முன் தெரியாத கண்ணாடி

பல தலைமுறைகளுக்கு முன்னால், கடலோர நாடொன்றில் ஒரு மன்னர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியதும் ஓலையில் எழுத்து அவருக்கு மங்கத் தொடங்கியது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வருகிற ஓலைகளையெல்லாம் அமைச்சர் வல்லபராயரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். வல்லபராயர் தமக்குப் பிடித்ததைப் படித்தார், பிடிக்காததை விழுங்கினார்.

ஒருநாள் மன்னர் ஓலையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டியதை விகடகவி மாறையன் பார்த்துவிட்டான். உடனே துறைமுகத்துக்குப் போய், தூரதேச வணிகனிடம் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி வந்தான்.

வல்லபராயர் முந்திக்கொண்டார். மன்னரைக் குருடர் என்று ஊருக்குக் காட்டவே மாறையன் அதைக் கொண்டுவந்திருக்கிறான் என்று காதில் ஓதினார். மன்னருக்குச் சினம் பொங்கியது.

"மாறையா, அந்தக் கண்ணாடி என் கண்முன் தெரியக் கூடாது. தெரிந்தால் உன்னை நாடு கடத்துவேன்."

"உத்தரவு மன்னா. தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் சபை கூடியிருந்தபோது, அயல்நாட்டில் மணமுடித்துக் கொடுத்த மகளிடமிருந்து ஓலை வந்தது. வல்லபராயர் அதைப் பார்த்துவிட்டு, இளவரசி நலம், வேறு செய்தியில்லை என்றார். மன்னர் ஓலையை வாங்கி, மகளின் எழுத்து விரலிலாவது படட்டும் என்று தடவிக்கொண்டிருந்தார். மாறையன் பின்னாலிருந்து வந்து கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டினான்.

மங்கிக் கிடந்த எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிய, மன்னர் தாமே படித்தார். பேத்தி பிறந்து மூன்று மாதமாகிறது, எத்தனை ஓலை எழுதியும் அப்பா வரவில்லையே என்று மகள் எழுதியிருந்தாள். மன்னர் அங்கே போனால் மருமகன் ஓலைகளைப் படித்துக்காட்டுவான், தன் பிடி தளர்ந்துவிடும் என்று வல்லபராயர் அத்தனையையும் மறைத்திருந்தார்.

அவர் இப்போது பதறிப்போய், அரச கட்டளையை மாறையன் மீறிவிட்டதாகக் குற்றம் சாட்டினார்.

மாறையன் கைகட்டி நின்றான். "மன்னா, தங்கள் கண்முன் கண்ணாடி தெரிகிறதா?"

"இல்லை. என் மகளின் எழுத்துதான் தெரிகிறது."

"அப்படியானால் கட்டளையை நான் மீறவில்லையே."

மன்னர் கண்ணீரோடு வாய்விட்டுச் சிரித்தார். வல்லபராயரின் பதவி அந்தச் சபையிலேயே பறிபோனது. அன்றே தேர் பூட்டச் சொல்லி, மாறையனைத் தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டார்.

பேத்தியை மடியில் வாங்கியதும் அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி மாறையன் கழுத்தில் போட்டார்.

"இவளுக்கு இமைமுடிகூட எவ்வளவு நீளம் பார், மாறையா. உன்னால் பார்த்தேனப்பா."