ஐந்து படங்கள், ஒரு விரல்

"எல்லாம் சரியாத்தான் இருக்கு டீச்சர். ஆனா ஒருத்தரும் பதிவு செய்ய மாட்டேங்காங்க."

நேற்று போனில் புலம்பியது போதாதென்று ஆவுடையப்பன் நேரிலும் வந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது. பிழைப்பு, இணையதளம் கட்டுவது. அவர் டீச்சர் என்று கூப்பிடும் ஷமீமாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. சனங்கள் ஒரு தளத்தில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்ப்பது அவள் தொழில். அதைக் கற்றுக்கொள்ள வாராவாரம் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுகிற மனுஷர் இவர்.

அவர் தளம் கட்டிக்கொடுத்த அறக்கட்டளை, காது கேளாத குழந்தைகளுக்கு இலவசமாகக் காது மிஷின் கொடுக்க ஒரு முகாம் நடத்துகிறது. நாற்பது இடம். பதிந்தது மூன்றே பேர். இன்று சாயங்காலத்தோடு பதிவு முடிகிறது.

"முகப்புல என்ன போட்டிருக்கீங்க அண்ணாச்சி?"

"அஞ்சு படம். ஒண்ணு மாத்தி ஒண்ணு தானா ஓடும். முகாம் அஞ்சாவது."

"மத்த நாலு?"

"டிரஸ்டி நாலு பேரு. ஆளாளுக்குத் தன் படம்தான் மேல வரணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. சுத்த விட்டுட்டேன். இப்போ எல்லாரும் மேலதான்."

அதில் பெருமை வேறு.

ஷமீமா சிரித்துவிட்டு வெளியே போய், தான் வரச் சொல்லியிருந்த செண்பகவல்லியை அழைத்து வந்தாள். செண்பகவல்லியின் மூன்று வயது மகளுக்குக் காது கேட்காது.

"இவங்க பக்கத்துல உட்காருங்க அண்ணாச்சி. என்ன ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது. கையை நீட்டக் கூடாது. இந்த வேலையில அதான் சட்டம்."

செண்பகவல்லி போனில் தளத்தைத் திறந்தாள். படங்கள் ஓடின. முகாம் வந்தது. உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'பதிவு' என்ற இடத்துக்கு விரலைக் கொண்டுபோனாள். படம் நகர்ந்துவிட்டது. விரல் பட்டதும், டிரஸ்டி ஒருவர் பொன்னாடை வாங்கிக்கொள்ளும் பக்கம் திறந்தது.

திரும்பி வந்தாள். காத்திருந்தாள்.

மறுபடியும் பொன்னாடை.

ஆவுடையப்பனுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஷமீமா பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டார்.

மூன்றாவது தடவையும் தவறியது. செண்பகவல்லி போனைக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சுக்கோங்க சார். நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. எனக்குத்தான் வேகமா படிக்க வராது. எம்புள்ளைக்குக் குடுத்துவைக்கல."

ஆவுடையப்பன் மடிக்கணினியைத் திறந்து டிரஸ்டிகளின் நாலு படங்களையும் நீக்கினார். முகாம் மட்டும் அசையாமல் நின்றது. செண்பகவல்லி நிதானமாகப் படித்து, மகளின் பெயரைப் பதிந்தாள்.

"டிரஸ்டிங்க சண்டைக்கு வருவாங்களே அண்ணாச்சி?" என்றாள் ஷமீமா.

"வரட்டும் டீச்சர். சண்டை போட வேண்டிய இந்தம்மா எங்கிட்ட மன்னிப்புல்லா கேட்டுட்டாங்க."