நாலு பேருக்கு ஒரு பாட்டில்

ஆடு மேய்க்கும் வெள்ளத்தாயியின் கெண்டைக்காலை ஒரு தெருநாய்க்குட்டி கவ்விவிட்டது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒரு கோணிப்பையோடு ஆறு மைல் நடந்து அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கடித்தது வாயில்லா ஜீவன், அதை விட்டுவிடலாம். மேசைக்குப் பின்னால் இருந்த டாக்டரை என்ன சொல்ல?

“நாய்க்கடி மருந்து ஒரு பாட்டிலைத் திறந்தா நாலு பேருக்குப் போடணும். உனக்கு மட்டும் திறந்தா மிச்சம் பாழாப்போகும். இன்னும் மூணு பேர் கடிபட்டு வரட்டும்.”

“எப்ப வருவாங்க சார்?”

“அது நாய்க்குத்தான் தெரியும்.” கம்பவுண்டரும் வாட்ச்மேனும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

வெள்ளத்தாயி கோணியை மேசைமேல் வைத்தாள். அது நெளிந்தது.

“அப்ப நாயையே கேட்டுருவோம். கடிச்ச குட்டி இதுக்குள்ளதான் இருக்கு. நீங்க, கம்பவுண்டர், வாட்ச்மேன், மூணு பேர் ஆச்சு. அவுக்கட்டுமா சார்?”

வாட்ச்மேன் வாசலைத் தாண்டிவிட்டான். டாக்டர் நாற்காலிமேல் ஏறி நின்று, “பாட்டிலைத் திறய்யா” என்று கம்பவுண்டரிடம் அலறினார்.

ஊசி போட்டு முடிந்தபின் அவள் கோணியை அவிழ்த்தாள். சந்தையில் விற்க எடுத்துவந்த கோழி தலையை நீட்டியது.

“அடுத்த ஊசிக்கு மூணாம் நாள் வருவேன் சார். மனுசியைப் பார்த்துப் பாட்டிலைத் திறப்பீங்களா, இல்ல இந்தக் கோழியையும் கூட்டிட்டு வரணுமா?”