கோப்பு எண் தெரிந்தவர்

விதி ஆவணப் பிரிவில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தொன்பது. மாற்றிப் படித்துவிடாதீர்கள். அரசு விதிகளை இணையத்தில் வைக்கும் வேலையைத் தேவசகாயம், பரிபூரணம் மேடத்திடம்தான் கற்றுக்கொண்டார்.

ஒரு மதியம் மேடத்தின் மேஜை முன் வந்து நின்றார். பத்து வருடத்து வரைவு விதிகள், மக்கள் அனுப்பிய ஆட்சேபங்கள், அதிகாரிகள் எழுதிய பதில்கள் எல்லாம் வலைத்தளத்தில் ஏறிவிட்டன. முகத்தில் பெருமை. இருக்காதா பின்னே, மூன்று வருட உழைப்பு.

“ஒரு தாள் விடலை மேடம். ஜனங்களுக்கு இன்னும் என்ன மூடிக் கிடக்கு?”

மேடம் வாசல் பெஞ்சில் காத்திருந்த பெண்ணை உள்ளே அழைத்தார்.

லூர்தம்மாள் கழிமுகத்தில் கூண்டு போட்டு நண்டு பிடிப்பவர். புது வரைவு விதி ஒன்றால் அந்தக் கூண்டுக்குத் தடை வரப்போகிறது. அதுதான் அவருக்குப் பிழைப்பு. ஆட்சேபம் அனுப்ப அன்று மாலை ஐந்து மணி கடைசி. எத்தனையாவது விதி என்று எழுதாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

“இந்தக் கம்ப்யூட்டர்ல நீங்களே தேடுங்கம்மா,” என்ற மேடம் தேவசகாயத்தைப் பார்த்தார். “நீங்க பேசக் கூடாது சார்.”

திரையில் ஒரே ஒரு கட்டம். ‘கோப்பு எண்ணை உள்ளிடவும்.’

“அந்த நம்பரு எங்க இருக்கும்?” என்றார் லூர்தம்மாள்.

“கோப்போட முதல் பக்கத்துல,” என்றார் மேடம்.

“கோப்பு?”

“இதுக்குள்ள.”

“சாவிய உள்ள வச்சே பூட்டிட்டீகளா?”

பத்து வருடக் கோப்பு எண்களும் தேவசகாயத்துக்கு மனப்பாடம். மேலதிகாரிகளே அவரைத்தான் கேட்பார்கள். அந்தக் கட்டத்தை வைத்ததும் அவர்தான்.

லூர்தம்மாள் ‘நண்டு’ என்று அடித்தார். ‘தவறான எண்’ என்றது திரை. ‘கூண்டு’ என்று அடித்தார். அதற்கும் அதுவே. மணி நாலேகால் ஆகிவிட்டது.

“மேடம், நான் சொல்லிடுறேன். பாவம்.”

“சொல்லுங்க சார்.”

சொன்னார். கோப்பு திறந்தது. ஏழாவது விதி. நாலு ஐம்பதுக்கு ஆட்சேபம் போய்ச் சேர்ந்தது. லூர்தம்மாள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“நல்லவேளை, அய்யா இருந்தீக.”

“அய்யா இந்த முப்பதாம் தேதி ரிட்டயர் ஆகிறார்,” என்றார் மேடம்.

தேவசகாயம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கட்டத்துக்கு மேலிருந்த அந்த வரியை அழித்தார்.

“இங்க என்ன கேக்கணும்னு நீங்க சொல்லுங்க மேடம். இன்னிக்கே மாத்திடுறேன்.”

மேடம் தன் நாற்காலியை லூர்தம்மாளுக்கு நகர்த்திப் போட்டார்.

“என்னை ஏன் சார் கேக்குறீங்க? அவங்க இன்னும் போகலையே.”